குறைந்ததை நிரப்பிவிட்டால் போதுமா?



இம்முறை பாடநூலைப் பற்றியோ மதிப்பீட்டைப் பற்றியோ எழுதப் போவதில்லை. நம்மில் பலர் நாள்தோறும் ஏறிச் செல்லும் ஸ்கூட்டரின் வலக் கைப்பிடி அருகே இருக்கும் ஒரு சிறிய கண்ணாடியைப் பற்றி எழுத விரும்புகிறேன். “டீச்சருக்கு இந்த வேலை எதற்கு?” என்று சிலர் சிரிக்கக்கூடும். ஈராண்டுகளுக்கு முன்பு யாரேனும் இப்படி எழுதியிருந்தால் நானும் சிரித்திருப்பேன். ஒரு மழைநாள் காலை என்னைத் திருத்தியது.

எங்கள் கெலாங் பாத்தாவைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு சொல். 1998ஆம் ஆண்டில் துவாசுக்குச் செல்லும் இரண்டாம் இணைப்புப் பாலம் திறக்கப்பட்ட பிறகு, இவ்வட்டாரத்தின் பொழுது கோழி கூவிப் புலர்வதில்லை; மோட்டார் சைக்கிள்களின் ஒலியில்தான் புலர்கிறது. விடியற்காலை நான்கு, ஐந்து மணிக்கே மழைச்சட்டை அணிந்து சிங்கப்பூருக்குப் புறப்பட்டுவிடும் தந்தையரும் தாயரும் இங்கு ஏராளம். என் மாணவர் சிலர் வார நாள்களில் தந்தையின் முகத்தைப் பார்ப்பதே அரிது. வீட்டிலுள்ள இன்னொரு மோட்டாரில் தாயோ தாத்தாவோ பிள்ளைகளைப் பள்ளியில் கொண்டுவந்து விடுவார்கள். ஆகவே, இரண்டு சக்கரங்களின் மீதுதான் எங்கள் குடும்பங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன என்றால் அது மிகையன்று.

நானும் அவர்களுள் ஒருத்தி. ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்கு வந்த நாள்முதல் பல்லாண்டுகள் ஒரு பழைய காப்சாய் மோட்டாரை ஓட்டினேன். அதன் முன்பின் இரண்டு சக்கரங்களிலும் டிரம் பிரேக். பிரேக் தளர்ந்தால் பிடி நீளமாக உள்ளே போகும். என் தந்தையார் குந்தி அமர்ந்து, சக்கரத்தின் அருகிலுள்ள மரையை இரண்டு சுற்று முறுக்குவார், சரியாகிவிடும். கம்பி தெரியும், மரை தெரியும், தேய்மானமும் கைக்குத் தெரியும். பிறகு, முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் கொண்ட ஸ்கூட்டரை வாங்கினேன். அழகாக நின்றது, மெல்லத் தொட்டாலே போதும். ஆனால், அந்தத் தட்டை இறுகப் பிடிப்பது எது, அதற்கு என்ன வேண்டும் என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை.

மூன்றாம் ஆண்டில், எண்ணெய் மாற்றப் பட்டறைக்குச் சென்றபோது, அங்கிருந்த போமன் சொன்னார்: “டீச்சர், பிரேக் எண்ணெய் குறைஞ்சிருக்கு. ஊத்திட்டேன்.” நன்றி கூறி, சில வெள்ளியைக் கொடுத்துவிட்டு வந்தேன். சில மாதங்கள் கழித்து மீண்டும் அதே சொல், அதே ஊற்றல். எவ்வளவு கவனமான மனிதர் என்று மனத்துக்குள் பாராட்டினேன். அதன்பின் சில வாரங்களாகப் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் கீச்சென்று ஓர் ஒலி. மழைக்காலம், ஈரத்தால் வரும் ஒலி என்று நானே எனக்கு விடை சொல்லிக்கொண்டேன்.

அன்று காலையும் மழை. நான்காம் ஆண்டில் பயிலும் என் மகள் பின்னால் அமர்ந்திருந்தாள். பள்ளிக்கு அருகில் சாலையைக் கடக்கும் இடத்தில் பிள்ளைகள் குடைபிடித்து நின்றார்கள். வழக்கமான இடத்தில் பிரேக்கைப் பிடித்தேன். இரும்போடு இரும்பு உரசும் ஓசை கேட்டது, வண்டி நிற்கவில்லை. பின்பிரேக்கையும் சேர்த்து அழுத்தி, நிறுத்தக் கோட்டைத் தாண்டி, வெள்ளைக் கோடுகளின் நடுவில் போய் நின்றேன். ஒரு சிறுவனின் குடை என் முன்சக்கரத்திலிருந்து ஒரு முழத் தொலைவில் இருந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. “ஏம்மா இங்க நிக்கிறோம்?” என்று மகள் கேட்டாள். என்னால் விடை சொல்ல முடியவில்லை.

அன்று மாலை வேறொரு பட்டறைக்கு வண்டியைத் தள்ளியே கொண்டு சென்றேன். அங்கிருந்த முதியவர் பிரேக் பேட்டுகளைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். உராயும் பகுதி முற்றும் தேய்ந்து, வெறும் இரும்புத் தகடு மட்டுமே எஞ்சியிருந்தது. தட்டிலும் ஆழமான கீறல்கள். “எண்ணெய் குறையலே டீச்சர். பேட் தேஞ்சு போச்சு. அதைத்தான் அது உங்களுக்குச் சொல்லிக்கிட்டே இருந்திருக்கு” என்றார்.

அந்தச் சொல்லை விளக்குவதற்காகவே இந்தக் கட்டுரை.

டிஸ்க் பிரேக் இயங்கும் முறை எளிது. நாம் பிடியை அழுத்தும்போது, கைப்பிடியருகே உள்ள சிறு உருளையிலிருந்து திரவம் ஒரு குழாய்வழி தள்ளப்படுகிறது. அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும் என்று 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் கூறிய விதிதான் இங்கே வேலை செய்கிறது. கீழே சக்கரத்தருகே உள்ள கேலிபரில் அவ்வழுத்தம் பெரிய உந்துதண்டைத் தள்ள, அது பேட்டுகளைத் தட்டோடு சேர்த்து இறுக்குகிறது. நம் விரல்களின் சிறு விசை, வண்டியையே நிறுத்தும் பெருவிசையாக மாறுகிறது.

பேட் தேயத் தேய, உந்துதண்டு சிறிது சிறிதாக வெளியே வந்து அந்த இடைவெளியை ஈடுசெய்கிறது. அதன் பின்னால் உண்டாகும் வெற்றிடத்தை நிரப்ப மேலிருக்கும் கிண்ணத்திலிருந்து திரவம் இறங்குகிறது. ஆகவே, கண்ணாடியில் மட்டம் மெல்ல மெல்ல இறங்கினால், பெரும்பாலும் பேட் தேய்கிறது என்பதே பொருள். மட்டம் திடீரென்று இறங்கினால், எங்கோ கசிகிறது என்பது பொருள். இரண்டும் செய்திகள். செய்தியைக் கேளாமல் மேலே ஊற்றி நிரப்புவது, செய்தி கொண்டுவந்தவனின் வாயைப் பொத்துவதற்கு ஒப்பாகும்.

என் வண்டிக்கு நேர்ந்தது அதுவே. மட்டம் இறங்கி எச்சரித்த ஒவ்வொரு முறையும் நாங்கள் நிரப்பி எச்சரிக்கையை அழித்தோம். கண்ணாடி நிறைவாக இருந்தது. பிரேக் வெறுமையாக இருந்தது.

ஆசிரியர்களாகிய நமக்கு இது புதிய கதையன்று. வாசிக்கத் தெரியாத மாணவனுக்கு அறிக்கையில் ஓர் அடைவு நிலையைக் கூட்டிப் போட்டால் அறிக்கை அழகாக இருக்கும், பெற்றோர் மகிழ்வர், மாணவனோ அடுத்த ஆண்டிலும் வாசிக்கத் திணறுவான். குறைந்த புள்ளி நமக்குப் பகையன்று. எங்கே தேய்கிறது, எங்கே கசிகிறது என்று காட்டும் கண்ணாடி அது. இதை அறிந்திருந்தும், என் ஸ்கூட்டரின் அறிக்கையில் நானே இருமுறை புள்ளி கூட்டிப் போட அனுமதித்தேன்.

இன்னொன்றையும் தமிழாசிரியை என்ற முறையில் சொல்ல வேண்டும். மலாய்மொழியில் ‘மிஞ்ஞாக் பிரேக்’ என்கிறார்கள். நாமும் ‘பிரேக் எண்ணெய்’ என்கிறோம். உண்மையில் நம் மோட்டார்களில் இருப்பது எண்ணெய் அன்று. டாட் 3, டாட் 4 என்று மூடியின்மேல் பொறிக்கப்பட்டிருக்கும் அத்திரவம் கிளைக்கால் வகைச் சேர்மங்களால் ஆனது. நீரோடு கலக்கும் தன்மையுடையது. ‘எண்ணெய்’ என்ற பெயரை நம்பி இயந்திர எண்ணெயை அதில் ஊற்றினால், உள்ளேயிருக்கும் இரப்பர் வளையங்கள் உப்பிக் கெட்டு, பிரேக் முழுதும் பழுதாகும். பெயரில் ஏற்படும் பிழை சில வேளைகளில் உயிர்ப்பிழையாகவும் முடியலாம்.

எண்ணெய் நீரை விலக்கும். இத்திரவமோ காற்றிலிருக்கும் ஈரத்தை ஈர்த்துக்கொள்ளும். நாம் வாழ்வதோ ஆண்டு முழுதும் மழையும் புழுக்கமும் நிறைந்த ஜொகூரில். டாட் 4 திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியசில்தான் கொதிக்க வேண்டும் என்பது தரவிதி. அதில் 3.7 விழுக்காடு நீர் சேர்ந்துவிட்டால், அந்தக் குறைந்தபட்ச அளவு 155 பாகையாக இறங்கிவிடுகிறது. டாட் 3 திரவத்திற்கு அவை முறையே 205, 140 பாகை. கெந்திங், கேமரன் மலைச்சாலைகளில் இறங்கும்போது தொடர்ந்து பிரேக்கை அழுத்தினால் கேலிபர் கடுமையாகச் சூடேறும். அப்போது நீர் கலந்த திரவம் கொதித்து ஆவிக்குமிழ்கள் உண்டாகும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். ஆகவே பிடி கைப்பிடிவரை போய்விடும், சக்கரம் நிற்காது. பெரும்பாலான ஸ்கூட்டர்களின் கையேடுகள், மட்டம் குறையாவிட்டாலும் 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை திரவத்தை முழுவதும் மாற்றச் சொல்வதன் காரணம் இதுவே.

இனி, வீட்டில் செய்ய வேண்டியதைப் பார்ப்போம். வாரம் ஒருமுறை, ஞாயிறு காலையில் ஐந்து நிமிடம் போதும்.

1. வண்டியைச் சமதரையில் நடு ஸ்டாண்டில் நிறுத்தி, கைப்பிடியைத் திருப்பிக் கிண்ணம் கிடைமட்டமாக இருக்கும்படி செய்யுங்கள். சாய்ந்த வண்டியில் மட்டம் பொய் சொல்லும்.

2. கண்ணாடியைத் துணியால் துடைத்துப் பாருங்கள். திரவம் ‘லோவர்’ என்று பொறித்த கோட்டுக்கு மேலே இருக்க வேண்டும்.

3. நிறத்தைப் பாருங்கள். புதிய திரவம் தெளிவாகவோ இளமஞ்சளாகவோ இருக்கும். தேநீர்போல் கறுத்திருந்தால் மாற்றும் காலம் வந்துவிட்டது. எனினும், நிறம் தெளிவாக இருப்பதனாலேயே ஈரம் இல்லை என்று கொள்ளலாகாது. ஈராண்டுக் கணக்கையும் மறவாதீர்கள்.

4. பிடியை அழுத்திப் பாருங்கள். உறுதியாக நிற்க வேண்டும். பஞ்சை அழுத்துவதுபோல் இருந்தாலோ, அழுத்தியபடியே இருக்கையில் மெல்ல உள்ளே இறங்கினாலோ வண்டியை எடுக்காதீர்கள்.

5. முன்சக்கரத்தருகே குனிந்து பேட்டின் கனத்தைப் பாருங்கள். குழாய் இணைப்புகளிலும் கேலிபரிலும் ஈரக்கசிவு உண்டா என்றும் பாருங்கள்.

6. பின்சக்கரத்தில் டிரம் பிரேக் உள்ள ஸ்கூட்டராயின், அதில் திரவம் இல்லை. பிடியின் தளர்வையும் கம்பியையும் பார்த்தால் போதும்.

இங்கே ஓர் எல்லையையும் வகுத்துக்கொள்வோம். பார்ப்பது நம் வேலை; கழற்றுவது பயிற்சி பெற்றவரின் வேலை. கிண்ணத்தின் மூடியைத் தேவையின்றித் திறந்தால் ஈரமும் தூசியும் உள்ளே புகும். அத்திரவம் வண்டியின் சாயத்தை உரித்துவிடும். சிந்தினால் உடனே நீரூற்றிக் கழுவ வேண்டும். பாதி மீந்த புட்டியைச் சேமித்து வைத்து அடுத்த ஆண்டு ஊற்றாதீர்கள்; அது புட்டியிலேயே ஈரத்தை உறிஞ்சியிருக்கும். குறிப்பாக, அதைக் குடிநீர்ப் புட்டியில் ஊற்றி வைக்கவே வேண்டா. அது நஞ்சு, வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பட்டறைக்குச் சென்றால் மூன்று கேள்விகள் கேளுங்கள். “மட்டம் ஏன் குறைந்தது?” “பேட் எவ்வளவு மீதம் இருக்கிறது?” “ஊற்றப்போவது மூடியில் குறித்துள்ள வகைதானா, புட்டி புதிதாகத் திறந்ததா?” இவற்றைக் கேட்பது போமனை ஐயுறுவதாகாது. நல்ல போமன் இக்கேள்விகளை விரும்புவார். என் கையில் பேட்டை வைத்துக் காட்டிய பெரியவர், நான் கேட்கக் கேட்க மகிழ்ந்தார்.

தாய்மார்களுக்கும் பெண்ணாசிரியர்களுக்கும் தனியாக ஒரு சொல். “அதெல்லாம் ஆம்பிளைங்க பாக்கிற வேலை” என்று நாமே ஒதுங்கிவிடுகிறோம். கணவர் அதிகாலையில் பாலத்தைக் கடந்து போய்விடுகிறார். பிள்ளையைப் பின்னால் ஏற்றிச் செல்பவர் நாம். ஓட்டுவது நம் கையானால், பார்ப்பதும் நம் கண்ணாகத்தான் இருக்க வேண்டும்.

சிலர் கேட்கலாம்: “ஆசிரியருக்கு ஏற்கனவே தலைக்கு மேல் வேலை. இதையும் பள்ளியில் கற்பிக்க வேண்டுமா?” புதிய பாடமொன்றும் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. தொடக்கப்பள்ளியில் சாலைப் பாதுகாப்புக் கல்வி உண்டு. தலைக்கவசம் அணியவும், சாலையைக் கடக்கவும் சொல்லித் தருகிறோம். சாலையைக் கற்பிக்கும் நாம், சாலையில் ஓடும் வண்டியைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை. நம் நாட்டில் மோட்டார் சைக்கிள் ஓட்டும் ‘பி2’ உரிமத்தை 16 வயதிலேயே பெறலாம். ஆறாம் ஆண்டு வகுப்பில் நம்முன் அமர்ந்திருக்கும் 12 வயதுப் பிள்ளைக்கு இன்னும் நான்கே ஆண்டுகள்தாம் உள்ளன. 2023இல் மட்டும் மலேசியச் சாலைகளில் 6,000க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இறப்போரில் ஏறத்தாழ மூவரில் இருவர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். இவையெல்லாம் பிரேக் பழுதால் நேர்ந்தவை என்று நான் சொல்லவில்லை. வேகமும் அயர்வும் பெருவாகனங்களும் காரணங்களாக இருக்கின்றன. ஆயினும், ஐந்து நிமிடத்தில் தவிர்க்கக்கூடிய ஒரு காரணத்தை ஏன் விட்டுவைக்க வேண்டும்?

நான் வகுப்பில் செய்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஊசியில்லாத சிரிஞ்சு இரண்டு, சிறியது ஒன்று, பெரியது ஒன்று. இடையில் மீன்தொட்டிக்குப் பயன்படும் நெகிழிக் குழாய். உள்ளே காற்றில்லாமல் நீரை நிரப்பிச் சிறியதை அழுத்தச் சொன்னேன். பெரியது உடனே நகர்ந்தது. ஒரு மாணவி சிறியதைத் தன் ஒரு விரலால் அழுத்த, பெரியதைக் கட்டைவிரலால் தடுக்க முயன்ற மாணவன் தோற்றுப்போனான். வகுப்பே ஆர்ப்பரித்தது. பிறகு குழாய்க்குள் சிறிது காற்றை விட்டேன். இப்போது அழுத்தினால் காற்றுதான் சுருங்கியது. பெரியது சோம்பலாக அசைந்தது. “டீச்சர், பிரேக்குக்குள்ள காத்து போனா இப்படித்தானா?” என்று கேட்டான் ஒருவன். நான் பலகையில் எழுத வைத்திருந்த விளக்கத்திற்கு வேலையே இல்லாமல் போயிற்று. மொத்தச் செலவு பத்து வெள்ளிகூட ஆகவில்லை.

மறுவாரம் ஒரு தாயார் பள்ளி வாயிலில் என்னை நிறுத்தினார். “என்ன டீச்சர், என் மகன் ஞாயித்துக்கிழமை காலையில அவங்க அப்பா மோட்டார் முன்னாடி உக்காந்து, ‘அப்பா, எண்ணெய் கறுப்பா இருக்கு, இதோட பாலத்துக்குப் போகாதீங்க’ன்னு சொல்றான்” என்றார். தந்தை முதலில் சிரித்தாராம். பிறகு பட்டறைக்குப் போனாராம். நான் பெற்ற பாராட்டுச் சான்றிதழ்கள் எவையும் எனக்கு அவ்வளவு நிறைவைத் தந்ததில்லை.

நம் நாட்டில் தனியார் மோட்டார் சைக்கிள்களுக்கு ஆண்டுதோறும் கட்டாயப் பரிசோதனை கிடையாது. சாலை வரியையும் காப்புறுதியையும் புதுப்பிக்கும்போது, “உன் பிரேக் எப்படி இருக்கிறது?” என்று எவரும் கேட்பதில்லை. பாலத்தின் மறுகரையில், சிங்கப்பூரில் பதிவான மோட்டார் சைக்கிள்கள் மூன்றாண்டு நிறைந்தபின் ஆண்டுதோறும் பரிசோதனைக்குச் செல்ல வேண்டும். இங்கும் அப்படியொரு விதி வர வேண்டுமா என்று விவாதிக்கலாம். அதன் செலவு ஏழைத் தொழிலாளியின் தலையில் விழாதபடி அமைய வேண்டும் என்பது என் கருத்து. ஆனால், விதி வரும்வரை நம் வீட்டில் அக்கேள்வியைக் கேட்க யார் இருக்கிறார்கள்? நாம்தாம் இருக்கிறோம், நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

இப்போது ஞாயிறுதோறும் என் மகள்தான் துணியோடு வந்து கண்ணாடியைத் துடைக்கிறாள். மட்டம் எங்கே நிற்கிறது என்று நாள்காட்டியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு இடுகிறாள். சென்ற மாதம் கோடு சற்றே இறங்கியிருந்தது. “ஊத்தணுமாம்மா?” என்று கேட்டாள். “முதலில் ஏன் குறைந்தது என்று பார்ப்போம்” என்றேன். இருவரும் சக்கரத்தருகே குனிந்தோம்.

அன்பு கூர்ந்து, இந்த ஞாயிறன்று நீங்களும் ஒருமுறை குனிந்து பாருங்கள்.